முப்பத்திரண்டு தப்படி

பெர்னாகோ
28 செப்டம்பர் 1924

தம்பி எர்மீனியோவுக்கு அக்கா பல்மீரா எழுதுவது.

நீ மிலானில் உட்கார்ந்துகொண்டு புகழ்ந்து தள்ளிய மோட்டார் ரோட்டைப் போன ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டார்கள். பெரிய மனிதர்கள் வரிசையாகக் காரில் போனார்களாம். எங்களுக்குத் தெரிந்தது புகையும் சத்தமும்தான். மூன்று கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

கோயில் அந்தப் பக்கம், நாங்கள் ஏழு வீட்டுக்காரர்கள் இந்தப் பக்கம், நடுவில் உன் ரோடு. நடந்து குறுக்கே போகக் கூடாதாம். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ரோட்டுக்கு அடியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் அதில் முழங்கால் தண்ணீர். பூசைக்குப் போகிறவள் வாத்தாகப் பிறந்திருக்க வேண்டும்.

ஜூதித்தா சித்தியை உனக்குத் தெரியுமே. திறந்த மறுநாளே மூன்று மூட்டை மக்காச்சோளத்தை ரோட்டில் கொட்டிக் காய வைத்துவிட்டாள். காவல்காரர் சைக்கிளில் பறந்து வந்தார். "அம்மா, இது களம் இல்ல, ரோடு" என்றார். இவள் அசையவில்லை. "இவ்வளவு வழவழன்னு போட்டுட்டு சோளம் காய வைக்கக் கூடாதுன்னா, பின்ன எதுக்குய்யா போட்டீங்க?" என்று கேட்டாள். அவரும் நல்ல மனிதர், அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு உன் மேல் இருக்கும் கோபம் தணியவில்லை. ரோட்டுக்காகப் பதினோரு மல்பெரி மரங்கள் போனபோது, போனால் போகட்டும் என்று எழுதினாயே, அதை அவர் மறக்கவில்லை. உன் பேரை எடுத்தால் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுகிறார். இந்த வருடம் பட்டுப்புழுவுக்கு இலையை வெளியில்தான் வாங்கினோம்.

உன் அத்தானுக்குத்தான் பெரிய கவலை. சாகக் கிடக்கிறவர்களுக்குப் பங்குச் சாமியார் நற்கருணை அப்பம் எடுத்துப் போகும்போது வெள்ளை அங்கி போட்டு முன்னால் மணியடித்துப் போவது அவர் வேலை. மணி கேட்டால் எந்த வண்டிக்காரனும் மாட்டை நிறுத்தித் தொப்பியைக் கழற்றி மண்டியிடுவான். நீயும் அப்படித்தான் வளர்ந்தாய். "ஒன் தம்பிக்கு எழுதிக் கேளு, மோட்டார் மணிக்கு நிக்குமா?" என்கிறார். பதில் எழுது.

பல்மீரா

•

மிலான்
5 அக்டோபர் 1924

அன்புள்ள அக்கா,

சித்தியின் சோளக் கதையைக் கார் ஓட்டிக்கொண்டே முதலாளிக்குச் சொன்னேன். சிஞ்ஞோர் ரவிஸ்ஸா வயிறு குலுங்கச் சிரித்தார். பித்தான் தொழிற்சாலை வைத்திருக்கும் மனிதர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்கா, நீ அந்த ரோட்டில் ஒரு முறை வர வேண்டும். மாட்டு வண்டி கிடையாது, வளைவு கிடையாது, குறுக்கே நாய்கூடக் கிடையாது. சுங்கச்சாவடியில் சீருடை போட்ட காவல்காரர் பட்டாளத்துக்காரர் மாதிரி சல்யூட் அடிக்கிறார். எனக்கு, அக்கா. சாணி அள்ளிய இந்தக் கைக்கு. நானும் புதுத் தொப்பியில் கை வைத்துப் பதில் சல்யூட் அடிக்கிறேன். காற்றில் பறக்காமலிருக்கத் தாடைக்கு அடியில் வார் போட்டு மாட்டும் தொப்பி. வாரில் முதலாளி தொழிற்சாலையின் பித்தளைப் பித்தான். முதல் மாதம் அதைக் கழற்ற வராமல் தொப்பியோடே சாப்பிட்டேன்.

அத்தானிடம் சொல், பயமே வேண்டாம். எங்கள் புது வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் பிரேக். கால் வைத்தால் நம் வீட்டுக் களத்தின் நீளத்துக்குள் நின்றுவிடும். மாடாவது முரண்டு பிடிக்கும், இது பிடிக்காது. ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் நம் பக்கத்துப் பையன்கள். மணி கேட்டு நிற்காதவன் எவன் இருக்கிறான்? அத்தான் கையைத் தூக்கினால் போதும்.

அப்பா இந்தக் கடிதத்தைக் கேட்கும்படி சத்தமாகப் படி. கொட்டகைக்குள் இருந்தாலும் காது இருக்குமே.

எர்மீனியோ

•

பெர்னாகோ
19 அக்டோபர் 1924

தம்பி,

சத்தமாகத்தான் படித்தேன். ஏழு வீட்டுக்காரர்களும் எங்கள் அடுப்படியில் இருந்தார்கள். நான்கு சக்கரப் பிரேக் வந்த இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். அப்பா எழுந்து போகவில்லை. சோளக்களியைக் கிண்டுகிற சாக்கில் அங்கேயே நின்றார். முன்னேற்றம்தான்.

உன் அத்தான் மறுநாள் காலையில் களத்தை அளந்தார். முப்பத்திரண்டு தப்படி. அதோடு விட்டாரா? ரோட்டு ஓரம் போய் நின்று வந்த காருக்குக் கையைக் காட்டினார். அது நின்றே விட்டது, எர்மீனியோ. ஓட்டியவன் இறங்கி என்ன ஏது என்று கேட்டிருக்கிறான். இவர், "ஒண்ணுமில்ல தம்பி, நிக்குதான்னு பாத்தேன்" என்றிருக்கிறார். அவன் சொன்ன வார்த்தைகளை எழுதினால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிவிடுவார். அதே நேரம் எதிரே போன இன்னொரு கார் கிளப்பிய காற்றில் அத்தானின் தொப்பி பறந்து வாய்க்காலில் விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று ஊரே சிரிக்கிறது.

இப்போது மாலை ஜெபத்துக்கு எங்கள் ஏழு வீடும் நேராகக் குறுக்கேதான் போகிறோம். அத்தான் முன்னால் நின்று கையைத் தூக்குவார். இரண்டு கார்கள் நின்றிருக்கின்றன. காவல்காரர் கத்தினால் உன் கடிதத்தைக் காட்டுகிறார்.

அப்பாவுக்கு இருமல். கிறிஸ்துமசுக்கு வா. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பல்மீரா

•

பெர்னாகோ
10 நவம்பர் 1924

எர்மீனியோ,

அத்தான் போய்விட்டார். உன் அத்தான் கவுதென்ஸியோ, நேற்று மாலை நான்கு மணிக்கு, ரோட்டில்.

எழுதுவது புரிகிறதா என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி வெள்ளிக்கிழமையிலிருந்து மூச்சு வாங்கியது. டாக்டர் கையை விரித்துவிட்டார். ஞாயிறன்று அத்தான் போய்ச் சாமியை அழைத்து வந்தார். அவர் வெள்ளை அங்கியில் முன்னால் மணியடித்து வருகிறார். பின்னால் நற்கருணையோடு எவுஸேபியோ சாமி. சாமிக்குக் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளைக் கிழவர் மஞ்சள் குடை பிடித்து வருகிறார். நான் இந்தப் பக்கம் ரோட்டு ஓரத்தில் மெழுகுவர்த்தியோடு நிற்கிறேன். மழை இல்லை, மூடுபனி இல்லை, வெளிச்சம் இருந்தது.

மிலான் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புக் கார் வந்தது. தூரத்தில்தான் இருந்தது. அத்தான் ரோட்டின் நடுவில் நின்று மணியை அடித்துக்கொண்டே இன்னொரு கையைத் தூக்கினார். சாமி தயங்கினார். "வாங்க சாமி, அது நின்னுடும்" என்றார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. கோயில்பிள்ளை பின்னால் குதித்துவிட்டார். இவர் குதிக்கவில்லை, எர்மீனியோ. ஓடவும் இல்லை. கையைத் தூக்கியபடியே நின்றார்.

கார் அவரை அடித்துத் தாண்டிப் போய் மெதுவானது. இறங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நான் பார்த்தேன், சாமியும் பார்த்தார். நின்றுவிடும்போல இருந்தது. பிறகு மறுபடியும் வேகமெடுத்துப் போய்விட்டது.

சாமி அவருக்கு அங்கேயே அவஸ்தை எண்ணெய் பூசினார். அங்கியில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு நற்கருணை கொடுத்தார். அப்பா கண்ணைத் திறந்து, "மணி ஏன் பாதியில நின்னுபோச்சு?" என்று கேட்டார்.

புதன்கிழமை அடக்கம். வா. மிலானில் ஒவ்வொரு டிரைவரையும் உனக்குத் தெரியும், ஒவ்வொரு கார்க் கொட்டகையும் தெரியும். கறுப்புக் கார், ஞாயிறு நான்கு மணி. அவனைக் கண்டுபிடி. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அவனைக் கண்டுபிடித்து என் முன்னால் நிறுத்து.

அக்கா

•

மிலான்
20 நவம்பர் 1924

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. அடக்கத்துக்கு வர முடியவில்லை. முதலாளி வெளியூர் போனார், வண்டி எடுக்க வேண்டியிருந்தது. மன்னித்துக்கொள்.

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

அத்தான் வலியில் கிடந்தாரா? ஏதாவது சொன்னாரா? அப்பா எப்படி இருக்கிறார்? நற்கருணை அப்பாவுக்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே, அக்கா. காய்ச்சல் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே.

போலீஸ் என்ன சொல்கிறது? விசாரிக்கிறேன். கறுப்புக் கார்கள் மிலானில் நிறைய இருக்கின்றன.

எர்மீனியோ

•

பெர்னாகோ
3 டிசம்பர் 1924

எர்மீனியோவுக்கு,

வண்டி எடுக்க வேண்டியிருந்ததாம். உன்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டிய மனிதரை மண்ணில் இறக்கும்போது நீ பித்தான்காரருக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாய். இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சரி, விடு. இப்போது உன்னிடம் எனக்கு வேலை இருக்கிறது.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஊரே வாயைப் பிளக்கிறது. எழுந்து உட்கார்ந்து களி சாப்பிடுகிறார். அவருக்காகப் போனவர் மண்ணுக்குள் இருக்கிறார். எனக்கு அப்பாவைப் பார்த்துச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை.

போலீஸ் ஒருவனைப் பிடித்திருக்கிறது. உல்தேரிக்கோ என்று பேர், ரொட்டிக் கடை வண்டி ஓட்டுகிறவன். கறுப்பு வண்டி, முன் விளக்கு உடைந்திருந்தது. அன்று அந்த ரோட்டில் போனதாகச் சுங்கச்சாவடிப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் பெரிய மனிதர்களின் கார்களும் இருக்கின்றனவாம், அவர்களை யார் போய்க் கேட்பது? என்னைக் கூப்பிட்டு, "இந்த வண்டிதானாம்மா?" என்றார்கள். நான் அவன் முகத்தில் துப்பினேன். அத்தனை பேர் முன்னால். அவன் துடைத்துக்கொள்ளவில்லை. "அக்கா, வௌக்கு கேட்டுல இடிச்சு ஒடஞ்சது. நான் அவர தொடவே இல்ல" என்றான். அக்கா என்றான், எர்மீனியோ.

நேற்று அவன் மனைவி வந்தாள். எட்டு மாதம். வாசலில் மண்டியிட்டாள். கதவைச் சாத்திவிட்டேன். சாத்திய கதவுக்குப் பின்னால் வெகு நேரம் நின்றேன். அந்தக் கார் இன்னும் நீளமாக இருந்ததோ என்று எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது.

பதினைந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு டவுன் கோர்ட்டில் விசாரணை. நான் சாட்சி. இவன்தான் என்று நான் சொன்னால் இவன்தான். அதற்குள் எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

நான் குழம்புவதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக உன் பேரைச் சொன்னார். "எர்மீனியோகிட்ட கேளும்மா. அவன் கண்டுபிடிப்பான்" என்றார்.

பல்மீரா

•

மிலான்
8 டிசம்பர் 1924

அக்கா,

கண்டுபிடித்துவிட்டேன். நான்தான்.

உல்தேரிக்கோவைத் தொட வேண்டாம் என்று சொல். அவன் சொன்னது உண்மை.

முதலாளியை ஏரிக்கரை பங்களாவுக்கு அழைத்துப் போனேன். சீட்டாட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று பின்னாலிருந்து விரட்டிக்கொண்டே வந்தார். தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தேன். தூரத்தில் வெள்ளை அங்கியும் மஞ்சள் குடையும் தெரிந்தன. மணி காதில் விழவில்லை, இன்ஜின் சத்தம். ஆனால் அந்தக் கை மணியடிப்பது தெரிந்தது. நம் ஊர்தான் என்று தெரிந்தது. முகம் தெரியவில்லை. அங்கியைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை, சத்தியமாக.

இப்போது எழுதப்போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ நம்புவாயோ என்னவோ. நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை, அக்கா. தொப்பியைக் கழற்றினேன்.

நினைத்துச் செய்யவில்லை. நற்கருணை தெரிந்தது, கை தலைக்குப் போய்விட்டது. அம்மா காலத்திலிருந்து போன கை. வாரில் அந்தப் பித்தான் இருக்கிறதே, அது ஒரு கையால் சட்டென்று வராது. அதை நெம்பித் தொப்பியை எடுத்து மடியில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் கால் பிரேக்குக்குப் போனது.

தொழிற்சாலை இன்ஜினியரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், தொண்ணூறில் போகிற வண்டி ஒரு நொடியில் எவ்வளவு தூரம் போகும் என்று. இருபத்தைந்து மீட்டர் என்றார். தெருவில் அளந்து நடந்து பார்த்தேன். முப்பத்திரண்டு தப்படி. நம் களம், அக்கா. தொப்பிக்கு நான் கொடுத்தது நம் களம்.

இன்னொன்றும் இருக்கிறது. களத்தின் நீளத்துக்குள் நிற்கும் என்று எழுதினேனே, அது ஊருக்குள் மெதுவாகப் போகும்போது பார்த்தது. ரோட்டு வேகத்தில் நான் ஒரு நாளும் நிறுத்திப் பார்த்ததில்லை. பெருமைக்கு எழுதினேன். அப்பா கேட்கட்டும் என்று எழுதினேன்.

அடித்ததும் வண்டியை நிறுத்தத்தான் போனேன். பின்னால் திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. முதலாளி தோளில் தட்டினார். "ஓட்டுய்யா. இந்த ரோட்டுல நிக்கக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கான்ல" என்றார். நான் ஓட்டினேன். அவர் சொன்னார், நான் ஓட்டினேன். சுங்கச்சாவடியில் காவல்காரர் எப்போதும்போல சல்யூட் அடித்தார். நானும் எப்போதும்போல அடித்தேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மதியத்துக்குள் தொழிற்சாலையிலேயே தகட்டை நிமிர்த்திவிட்டார்கள். "வாயைத் தொறந்தீன்னா நான் அன்னைக்கு வண்டியிலயே இல்ல" என்றார் முதலாளி.

யாரோ ஒரு ஊர்க்காரர் என்று இரண்டு நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது.

என்ன செய்யட்டும், நீ சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

எர்மீனியோ

•

பெர்னாகோ
11 டிசம்பர் 1924

எர்மீனியோ,

உன் கடிதத்தை முதலில் நின்றுகொண்டு படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். பிறகு யாருடைய கடிதமோ என்று உறையைத் திருப்பி உன் பேரைப் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி அணைந்து, அந்த நாற்றம் வந்த பிறகுதான் எழுந்தேன்.

உன்னைத் திட்ட வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. அவர் ஏன் ஓடவில்லை என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஓட நேரம் இருந்தது. கோயில்பிள்ளைக்கு எழுபது வயது, அவரே குதித்துவிட்டார். உன் அத்தான் உன் கடிதத்தை நம்பி நின்றார். அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தவள் நான். இதில் என் பங்கை நான் உன் தலையில் கட்டப் போவதில்லை.

உல்தேரிக்கோ வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள், நான் சாத்திய மாதிரி சாத்தவில்லை. "ஒம் புருசன் இல்லம்மா, எனக்கு தெரிஞ்சுபோச்சு" என்றேன். "அப்போ யாரு, அக்கா?" என்றாள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அப்பாவிடம் மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். "எர்மீனியோ எழுதிட்டானா? கண்டுபுடிச்சுட்டானா?" என்று குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார். நேற்று படித்துக் காட்டினேன். முழுவதும், ஒரு வரி விடாமல். அப்பா எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "தொப்பிய கழட்டினானா?" என்றார்.

"கழட்டினாம்பா."

"அப்போ அது நம்ம புள்ளதான்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

தொப்பியை நானும் நம்புகிறேன். அந்த இடத்தில் இந்த ஊரில் பிறந்த எவன் கையும் அங்கேதான் போயிருக்கும். அத்தான் கையும் போயிருக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று சிரித்தோமே, இங்கே தலைப்பாகைக்காகத் தலை போயிற்று. அதைச் சாமியிடம் சொன்னால் மன்னிப்பார். நானும் ஒரு நாள் மன்னிப்பேனாக இருக்கும்.

ஆனால் சுங்கச்சாவடியில் எப்போதும்போல சல்யூட் அடித்தேன் என்று எழுதியிருக்கிறாய். தொப்பி இல்லாமல் சல்யூட் அடிக்க மாட்டார்களே, தம்பி. மடியில் வைத்த தொப்பியை எடுத்து மறுபடியும் மாட்டியிருக்கிறாய். அந்தப் பித்தானையும் போட்டிருக்கிறாய். அது தன்னால் போன கை இல்லை. அவர் அங்கே கிடந்தபோது, சாமி ரோட்டில் மண்டியிட்டு அவர் நெற்றியில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது, எந்த இடத்தில் அதைத் தலையில் வைத்தாய்? எனக்கு அது மட்டும் தெரிந்தாக வேண்டும். எழுத வேண்டாம், நேரில் சொல்.

திங்கட்கிழமை, பதினைந்தாம் தேதி, காலை ஒன்பது மணி, டவுன் கோர்ட். உன் கடிதம் என் ஜாக்கெட்டுக்குள் இருக்கும். ஒன்பது அடிக்கும்போது நீ வாசலில் நின்றால் அதை வெளியே எடுக்க மாட்டேன், நீயே உன் வாயால் சொல்லிக்கொள். நிற்கவில்லை என்றால் ஜட்ஜிடம் நானே படித்துக் காட்டுவேன். சத்தமாகப் படிக்க எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியும்.

அந்த ரோட்டில் வராதே. ரயிலில் வா, ஸ்டேஷனிலிருந்து நடந்து வா. அப்பாவும் வருவதாகப் பிடிவாதமாக இருக்கிறார், மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டுக் கூட்டி வருகிறேன்.

காலையில் பனி கொட்டும், காது உறையும். கம்பளி சுற்றிக்கொள். தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு வராதே.

அக்கா
பல்மீரா